மனுவில் அழாதே, அளவு எழுது!

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னப் பேரூராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் தெருவில் நடந்தது நாளைக்கு உங்கள் தெருவிலும் நடக்கலாம். அப்போது எங்கே போவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நான் அலைந்த மாதிரி நீங்களும் அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணம் பேசியபோதே, "அந்தப் பக்கம் தண்ணிக்குக் கஷ்டமாச்சே" என்று அம்மா தயங்கினார். "மாப்பிள்ளை நல்ல பையன்" என்று சொல்லி அப்பா முடித்துவிட்டார். மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் தண்ணீர் விஷயத்தில் அம்மா சொன்னதுதான் சரி. தென்மேற்குப் பருவமழையை மேற்கே கொடைக்கானல் மலை வாங்கிக்கொள்கிறது. கீழே இருக்கும் எங்களுக்குக் காற்றுதான் மிச்சம். திண்டுக்கல் டவுனுக்காவது ஆத்தூர் காமராஜர் அணை இருக்கிறது. எங்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர்தான் கதி. அதுவும் எட்டு நாளைக்கு ஒரு தடவை, மூன்று மணி நேரம்.

அந்த மூன்று மணி நேரத்திலும் முதல் நாலைந்து குடம் நாற்றமடிக்கும். மஞ்சளாக, சமயத்தில் கறுப்பாக வரும். அதை வாசலில் கொட்டிவிட்டு அப்புறம் வருவதைப் பிடிப்போம். "பழைய குழாய், அப்படித்தான் வரும்" என்பார் மாமியார். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டிக் குடிப்போம். தெருவில் 36 வீடு. எல்லா வீட்டிலும் இதே கதைதான். பழகிவிட்டால் நாற்றம்கூடத் தெரியாது போலிருக்கிறது.

2023 ஆனி மாசம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். நாலாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மஞ்சள் காமாலை" என்றார் டாக்டரம்மா. மருந்து எழுதுவதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி, "வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்பதுதான். குழாய்த் தண்ணீர் என்றேன். "காய்ச்சியா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த பத்து நாளில் அதே தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இது பழைய குழாயின் குணம் இல்லை. எங்கேயோ சாக்கடை கலக்கிறது.

தண்ணீர் திறந்துவிட வரும் பிட்டரிடம் சொன்னேன். "ஆபீஸ்ல சொல்லுங்கக்கா" என்றார். ஆபீசுக்குப் போனேன். "இ.ஓ. இல்ல, திங்கக்கிழமை வாங்க" என்றார்கள். திங்கட்கிழமை போனால், "மெயின் ரோட்டுச் சாக்கடை ஹைவேஸ்காரங்களோடது. அங்க போய்ச் சொல்லுங்க" என்றார் ஒருவர். அங்கே போனால், "குடிதண்ணிக் குழாய்க்கும் எங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார்கள். கவுன்சிலர் ஒரு பெண்தான். ஆனால் போனை எடுத்தது அவர் வீட்டுக்காரர். "பார்க்கச் சொல்றேன்மா" என்றார். இப்படி ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் சமையலை முடித்து, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போய் வந்தேன். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. எல்லோரும் "பார்க்கிறோம்" என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் தெருக் கோடியில் ரெவின்யூ ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார். தெருவே அவரைக் 'கிளார்க் தாத்தா' என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருநாள் புலம்பித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுதிக் குடுத்தியாம்மா?" என்றார். "இல்ல தாத்தா, அஞ்சு தடவை நேர்லயே சொன்னேன்." "நீ சொன்னதுக்கு அவன் கிட்ட என்ன இருக்கு? உன் கிட்டதான் என்ன இருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அன்று ராத்திரியே ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். 'ஐயா, நாங்கள் ஏழைகள். எங்கள் குழந்தைகள் உயிருக்குப் போராடுகின்றன. தெய்வமாக வந்து காப்பாற்றுங்கள்' என்று இரண்டு பக்கம். படித்துப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"மனுவுல அழுகாதம்மா. அளவு எழுது. எந்த இடம், எத்தனை வீடு, எந்தத் தேதியில இருந்து, என்ன செய்யணும். இது நாலும் இருந்தா ஆபீஸ்ல ஒருத்தனால மறுபடி உன்னைக் கேள்வி கேட்டு அனுப்ப முடியாது."

அடுத்த மூன்று தடவை தண்ணீர் வந்தபோது நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் குறித்தேன். எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எத்தனை குடம் நாறியது, எந்த வீடு வரை நாறியது என்று. அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. தெரு ஆரம்பத்தில் உள்ள ஏழு வீடுகளில் தண்ணீர் நன்றாகவே வந்தது. சிறு பாலத்தைத் தாண்டிய பிறகுதான் நாற்றம். அப்படியானால் கோளாறு அந்தப் பாலத்தடியில்தான்! இத்தனை வருஷமாக 36 வீட்டுக்காரர்களும் புலம்பினோம். ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

மனு ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. 'மூன்றாவது லைட் கம்பத்துக்கு எதிரே உள்ள சிறு பாலத்தடியில் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் போகிறது. பாலத்துக்கு அப்பால் 29 வீடுகளில் கழிவுநீர் கலந்து வருகிறது. மூன்று குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை. குழாயைச் சாக்கடை மட்டத்துக்கு மேலே மாற்றி அமைக்கவும், அதுவரை லாரித் தண்ணீர் தரவும் வேண்டுகிறோம்.' கீழே தேதி, கையெழுத்துகள். கூடவே நாள்காட்டித் தாள்களின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல்.

கையெழுத்து வாங்குவதுதான் பெரிய பாடு. "அவரைக் கேக்கணும்க்கா" என்று உள்ளே போனவர்கள் பலர். "கையெழுத்துப் போட்டா நாளைக்குக் குழாயைக் கட் பண்ணிட்டா?" என்று பயந்தவர்கள் சிலர். கைநாட்டு வைக்கும் ஒரு அப்பத்தா மட்டும், "எனக்கென்னடி பயம்? கொண்டா மையை" என்று முதல் ஆளாக அழுத்தி வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். 24 பேர், எல்லோரும் பெண்கள்.

ஆபீசில் மனுவை வாங்கி மேசை மேல் போட்டார்கள். "இன்னொரு காப்பியில சீல் போட்டு, தேதியும் நம்பரும் எழுதிக் குடுங்க சார்" என்றேன். "அதெல்லாம் எதுக்கும்மா? நாங்க பார்த்துக்கிறோம்" என்றார் அவர். தாத்தா சொல்லி அனுப்பியிருந்தார், சீல் வாங்காமல் வெளியே வராதே என்று. நாங்கள் ஆறு பேர் அப்படியே நின்றோம். ஐந்து நிமிஷத்தில் சீல் விழுந்தது. சண்டை இல்லை, சத்தம் இல்லை.

மறுநாள் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. கவுன்சிலரே வீடு தேடி வந்தார், வீட்டுக்காரர் இல்லாமல். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தது. அதன்படி 2022 பிப்ரவரித் தேர்தலில் ஜெயித்து வந்தவர் அவர். "அக்கா, கூட்டத்துல நான் வாயால பேசினா, 'பொதுவா சொல்லாதீங்க'ன்னு உட்கார வச்சிருவாங்க. இப்ப இதைக் காட்டிப் பேசலாம்" என்று ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார். அவரைப் பற்றி நான் நினைத்திருந்தது தப்பு என்று தெரிந்தது. அவர் கையிலும் இதுவரை யாரும் ஒரு காகிதம் கொடுக்கவில்லை.

ஆனாலும் ஒரு மாசம் ஒன்றும் நடக்கவில்லை. "திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போ" என்றார் தாத்தா. "1985-ல திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகிறதுக்கு முந்தி இதுக்கு மதுரைக்குப் போகணும். உனக்கென்ன, டவுன் பஸ்ல டிக்கெட்கூடக் கிடையாது!" வாரா வாரம் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு நாங்கள் நாலு பேர் போனோம்.

வாசலில் போலீஸ் ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்த்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே பிள்ளைகளோடு தீக்குளித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மண்ணெண்ணெய் கொண்டுவருகிறார்களா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. என் பையில் ஒரு பாட்டில் இருந்தது. மஞ்சளாக, கலங்கலாக. பெண் போலீஸ் சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டார். "என்னம்மா இது?" "குடிதண்ணி மேடம்." அவர் நம்பவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மெதுவாக, "இதையா குடிக்கிறீங்க?" என்றார். பாட்டிலை என்னிடமே கொடுத்து, "உள்ள கொண்டுபோய்க் காட்டுங்க" என்று வழிவிட்டார்.

உள்ளே பட்டா, முதியோர் பென்ஷன், வழித்தகராறு என்று நூற்றுக்கணக்கான ஜனம். கம்ப்யூட்டரில் மனுவைப் பதிந்து நம்பர் போட்ட சீட்டு ஒன்று கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தபோது பேசியது இரண்டு நிமிஷம்கூட இருக்காது. சீல் வைத்த பழைய நகலைக் காட்டினோம். பாட்டிலை மேசையில் வைத்தோம். பேரூராட்சிகள் உதவி இயக்குநருக்கு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஆட்கள் வந்தார்கள். முதலில் ஒரு சின்னக் குப்பியில் குழாய்த் தண்ணீரை எடுத்து இரண்டு சொட்டு மருந்து விட்டார்கள். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறுமாம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் இருக்க வேண்டுமாம். பாலத்துக்கு முந்திய வீட்டில் மஞ்சள் வந்தது. பாலத்துக்குப் பிந்திய என் வீட்டில் நிறம் மாறவே இல்லை. தோண்டிப் பார்த்தார்கள். குழாய் சாக்கடைக்குள்ளேயே கிடந்தது. இணைப்பில் இரும்பு அரித்து, சுண்டுவிரல் போகிற ஓட்டை.

இனி சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

வந்தவர்களில் ஒருவர், "இந்தத் தெருவுல எத்தனை வீட்டுல மோட்டார் போட்டு உறிஞ்சுறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். அவரே விளக்கினார். எட்டு நாளும் குழாய் காலியாகக் கிடக்கிறது. அப்போது ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே இறங்குகிறது. தண்ணீர் திறந்ததும் அதுதான் முதல் நாலு குடமாக வருகிறது. தண்ணீர் வேகமாக வரும்போது ஓட்டை வழியாக வெளியேதான் பீச்சும், சாக்கடை உள்ளே வராது. ஆனால் மோட்டார் போட்டு இழுத்தால் கடைசிக் குடம் வரைக்கும் சாக்கடையும் சேர்ந்து வரும்.

மொத்தம் ஒன்பது வீட்டில் மோட்டார். ஒன்பதில் ஒன்று என் வீடு. மாடியில் இருக்கும் டேங்குக்கு ஏறவில்லை என்று நான்தான் நச்சரித்து வாங்க வைத்தேன். பக்கத்து வீட்டு மதினி, "உன் மோட்டார் ஓடுனா எங்களுக்குச் சொட்டுத் தண்ணி வரமாட்டேங்குது" என்று சொல்லியிருக்கிறார். நான் காதில் வாங்கவில்லை. மஞ்சள் காமாலை வந்த மூன்று பிள்ளைகளில் ஒன்று அந்த மதினியின் மகன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஊரெல்லாம் மனு கொடுத்தேனே, என் வீட்டு வாசலைப் பார்த்தேனா?

மறுநாள் காலை என் மோட்டாரை நானே கழற்றச் சொன்னேன். மதினியிடம் போய், "தப்பு என்னோடது" என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்பினார். மற்ற எட்டு வீட்டிலும் சண்டை, கோபம், பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் கார்த்திகைக்குள் எல்லா மோட்டாரும் போய்விட்டது. இப்போது டேங்குக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. கீழே தொட்டி கட்டி, அதிலிருந்துதான் ஏற்றுகிறோம்.

ஓட்டையைத் தற்காலிகமாக அடைத்தார்கள். குழாயை மேலே தூக்கி மாற்ற, "நிதி இல்ல, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அப்போது தாத்தா சொன்ன ரட்லாம் கதையை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரட்லாம் என்பது மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஒரு ஊர். அங்கே ஒரு தெருவில் திறந்த சாக்கடை. பொதுக் கக்கூஸ் இல்லாததால் ஜனங்கள் தெரு ஓரத்திலேயே ஒதுங்கினார்கள். பக்கத்துச் சாராய ஆலையின் கழிவு வேறு. தெருக்காரர்கள் 1972-இல் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்தார்கள். நகராட்சி வடிகால் கட்ட வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டார். நகராட்சி விடவில்லை. அப்பீல், மறுபடி அப்பீல் என்று சுப்ரீம் கோர்ட் வரை போனது. 'எங்களிடம் பணம் இல்லை. சாக்கடை இருக்கிறது என்று தெரிந்துதானே இவர்கள் அங்கே குடிவந்தார்கள்' என்றுகூட வாதாடியது. 1980 ஜூலையில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொன்னார். சுகாதாரம் என்பது நகராட்சியின் கடமை, பணம் இல்லை என்று சொல்லி அதிலிருந்து நழுவ முடியாது என்று சொல்லி, வேலையை முடிக்கக் கெடுவும் வைத்தார். தெருச் சாக்கடைக்காக எட்டு வருஷம் விடாமல் நின்ற அந்த ஜனங்களை நினைத்தால் நான் ஐந்து தடவை அலைந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

அவர்கள் பயன்படுத்தியது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் அது 152-ஆம் பிரிவு. பொதுஜனத்துக்கு இடைஞ்சலாக இருப்பதை அகற்றச் சொல்லி ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். நாங்கள் அதுவரை போகவில்லை. பதிலாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு தாள் எழுதினோம். 2005-இல் வந்த சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். 30 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். 'எங்கள் மனு எண் இன்னது, தேதி இன்னது. அதன் மேல் இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன? குழாய் மாற்ற எஸ்டிமேட் போட்டிருந்தால் அதன் நகல் தரவும்.' இவ்வளவுதான் கேட்டோம்.

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. எஸ்டிமேட் போட்டாகிவிட்டது, மன்றக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு வைக்கப்படும் என்று. அந்தக் கூட்டத்தில் எங்கள் கவுன்சிலர் எழுந்து பேசினாராம். 2024 மாசியில் பாலத்தின் பக்கவாட்டில், சாக்கடைக்கு இரண்டு அடி மேலே புதுக் குழாய் போட்டார்கள். தண்ணீர் திறந்த அன்று கைநாட்டு அப்பத்தா முதல் குடத்தைப் பிடித்து, மோந்து பார்த்துவிட்டு, "வாசனையே இல்லடி" என்றார்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர் இன்னமும் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான். பாலத்தடிச் சாக்கடையும் மழைக்கு மழை அடைக்கிறது. ஆனால் குடிக்கிற தண்ணீர் நாறவில்லை. இருந்தாலும் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

தோழிகளே, நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. வாயால் சொன்னதோடு விடாதீர்கள். ஒரு பக்க மனு போதும். ஒரு மனுவில் ஒரு குறை மட்டும்.

2. இடம், தேதி, எண்ணிக்கை, என்ன செய்ய வேண்டும் என்ற நாலும் இருக்கட்டும்.

3. இரண்டாவது நகலில் சீலும் தேதியும் எண்ணும் வாங்காமல் வராதீர்கள். போனில் 1100-க்குச் சொன்னாலும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

4. முதலில் உள்ளூர் ஆபீஸ், பிறகு கலெக்டர் ஆபீஸ், பிறகு தகவல் உரிமை மனு. படிப்படியாகப் போனால் முந்திய காகிதம் பிந்திய இடத்தில் கைகொடுக்கும். கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் எழுதிக் கொடுத்துத் தீர்மானம் போடச் சொல்லலாம்.

5. மனு எழுதும் முன்னால் நம் வீட்டு மோட்டாரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பைல் இருக்கிறது. எல்லா நகலும் அதில் பத்திரமாக இருக்கிறது. என் மகள் தேறிவிட்டாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். போன மாசம் தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுத வேண்டியிருந்தது. கையெழுத்து அழகாக இருக்குமே என்று அவளை எழுதச் சொன்னேன். 'ரொம்ப நாளாக விளக்கு எரியவில்லை' என்று ஆரம்பித்தாள். "எத்தனை நாள்னு எண்ணிட்டு எழுது" என்றேன். நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினாள். பதினேழு நாள்.

— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்